பூங்காவுக்கு வரும் குடும்பம் ஒரு மாலை முழுக்க இருந்துவிட்டுப் போகட்டும்

காவிரி டெல்டாவின் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்கள், ஆணையர்கள், செயல் அலுவலர்கள், பூங்கா வேலைகளுக்கு எஸ்டிமேட் போடும் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊரில் ஆற்றை ஒட்டி ஒரு பூங்கா வந்திருக்கிறது. ஊஞ்சல், சறுக்குமரம், எட்டு வடிவ நடைபாதை, பெரியவர்களுக்கு உடற்பயிற்சிக் கருவிகள், நடுவில் ஒரு நீரூற்று என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். சீமைக்கருவேலமும் குப்பையுமாகக் கிடந்த இடம் அது. அதைச் சுத்தம் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களுக்கு முதலில் மனதார நன்றி. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகிற ஊர்களிலும் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். அங்கும் பல இடங்களில் இதே வரைபடத்தையும் இதே குறைகளையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரு குடும்பம் மொத்தமாக வந்து, ஒரு மாலைப் பொழுது முழுக்க இருந்துவிட்டுப் போகிற மாதிரி பூங்காவை அமையுங்கள். இப்போது அப்படி இல்லை. வந்து அரை மணி நேரம் ஆவதற்குள் யாராவது ஒருவர் "போதும், வீட்டுக்குப் போவோம்" என்று சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

மே மாத லீவுக்கு நாத்தனார் குடும்பம் திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது எல்லோருமாகக் கிளம்பினோம். புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தேங்காய்த் துவையல் அரைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டோம். நம் பக்கத்தில் வெளியே போவது என்றால் கட்டுச்சோறு இல்லாமல் போவதில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போனாலும் சரி, காணும் பொங்கலுக்கு முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போனாலும் சரி, சாப்பாட்டுக் கூடைதான் முதலில் வண்டியில் ஏறும். பூங்கா வாசலில் "உணவுப் பொருட்கள் கொண்டுவர அனுமதி இல்லை" என்று பலகை. காவலாளி நல்ல மனிதர். "நான் என்னம்மா பண்றது, வண்டியிலேயே வச்சிட்டு வாங்க" என்றார். உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது. ரோட்டோரம் நின்று, போகிற பஸ் கிளப்பும் புழுதியில், தூக்குவாளியைத் திறந்து ஊட்டினோம்.

சாப்பாட்டை விட்டால் குப்பை சேரும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. குப்பை சேரத்தான் செய்யும். அதற்கு வழி, மரத்தடியில் ஒரு மூலையைச் சாப்பிடுவதற்கென்றே ஒதுக்கி, கை கழுவ ஒரு குழாயும், மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டியும் வைப்பது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடையைப் பலகையில் பெரிதாக எழுதிக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள், நாங்களும் துணை நிற்கிறோம். வாழை இலையில் கட்டிய புளிச்சோற்றுக்கு எதற்குத் தடை?

அடுத்தது விளையாட்டுத் திடல். சறுக்குமரம் எவர்சில்வர் தகடு. மேற்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நாலு மணிக்குப் பூங்கா திறக்கும்போது வெயில் நேராக அந்தத் தகட்டின் மேல் விழுகிறது. என் ஐந்து வயது மகன் மேலேறி உட்கார்ந்து, பாதி வழுக்கியதும் இரண்டு தொடையையும் தூக்கிக்கொண்டு அலறினான். மாமியார் பையிலிருந்த துண்டைக் குழாயில் நனைத்துத் தகட்டை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். துடைத்த ஈரம் அவர் கையை எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது. பக்கத்திலேயே வேலியோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. சறுக்குமரத்தைப் பதினைந்தடி தள்ளி அதன் நிழலில், வடக்கைப் பார்த்து நிறுத்தியிருந்தால் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. வரைபடம் போட்டவர் ஒரு சாயங்காலம் அந்த இடத்தில் வந்து நின்றிருந்தால் போதும்.

ஊஞ்சலுக்குக் கீழே தரை பேவர் பிளாக். இதைப் படிக்கும் பொறியாளர்களுக்கு இது தனியாக ஒரு வேண்டுகோள். விளையாட்டுத் திடல்களில் பலத்த காயங்கள் பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுவதால்தான் வருகின்றன. விழுகிற தரை மெத்தென்று இருந்தால் சிராய்ப்போடு போகும், கெட்டியாக இருந்தால் எலும்பும் மண்டையும் உடையும். அதனால்தான் ஊஞ்சல், சறுக்குமரம், ஏறும் கம்பி எல்லாவற்றுக்கும் அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தளர்வான மணல் போட வேண்டும், அது சுற்றிலும் ஆறடிக்காவது பரவியிருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள திடல் என்றால் 24 கன மீட்டர், நம் கணக்கில் எட்டரை யூனிட் மணல். நம் பிள்ளைகள் காலங்காலமாக ஆற்று மணலில் குதித்து, உருண்டு, எழுந்து வளர்ந்தவர்கள். ஆற்றங்கரை ஊரில் ஒரு ஊஞ்சலுக்கு அடியில் மணல் இல்லை என்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மணலை வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும், ராத்திரியில் நாய் வந்து படுக்காமல் பார்க்க வேண்டும், அந்த வேலை இருக்கிறது. ஆனால் அது ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைதான்.

இன்னொன்று, நம் மண் வண்டல் களி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் வடியாமல் நிற்கும். திடலை முக்கால் அடியாவது உயர்த்தி, ஓரத்தில் வடிகால் எடுத்து வாய்க்காலில் சேர்க்காவிட்டால் மழை மாதங்களில் அது குட்டைதான். கொசுவுக்குப் பயந்து யாரும் வர மாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதைச் சபையில் பேசக் கூச்சப்படுவார்கள். எனக்குக் கூச்சமில்லை. கழிப்பறை. பூங்காவில் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், ஓடு ஒட்டி, வெளியே படம் வரைந்து, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பூட்டுத் தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டால், துப்புரவு மேஸ்திரியிடம் இருக்கும், அவர் காலையில் வருவார் என்று பதில். என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது. வெளியே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மே மாத வெயிலில், சர்க்கரை உள்ள ஒரு வயசானவர், பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. மாதத்தில் சில நாட்கள் அவள் பூங்காவுக்கே வருவதில்லை. "வரலம்மா, அங்க எங்க போறது" என்கிறாள். கைக்குழந்தையோடு வந்த நாத்தனார் துணி மாற்ற இடமில்லாமல் வேனுக்கு ஓடினார். ஆண்கள் யாருக்கும் இது தெரியவே இல்லை, அவர்கள் சுவரோரம் போய்விட்டு வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அவசரப்பட்டதற்குக் காரணம் இந்தப் பூட்டுதான்.

நீரூற்றுக்கும் கலர் விளக்குக்கும் போட்ட பணத்தில் ஒரு பகுதியை மாதச் சம்பளமாக்கி, பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுக்க ஒரு பெண் பணியாளரை அங்கே வையுங்கள். சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம். கட்டணம் ஐந்து ரூபாய் வைத்தாலும் கொடுப்போம். தண்ணீர் வர வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும், லைட் எரிய வேண்டும்.

அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு விளையாடவும் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சலில் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. காலி இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவளும் நாத்தனார் மகளும் உடற்பயிற்சிக் கருவியில் ஏறி நின்று சிறிது நேரம் ஆட்டிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் மூன்று பேர் உட்காரும் பலகை ஊஞ்சல் ஒன்று, ஒரு பூப்பந்து வலை, இவை போதும். குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் 31-ஆவது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. அந்த உடன்படிக்கையில் குழந்தை என்றால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த எல்லோரும்தான்.

சரி, அன்றைக்கு எங்களுக்கு நல்லபடியாக அமைந்தது எது என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

பூங்காவின் பின்பக்கக் கதவைத் திறந்தால் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால். அதன் கரைமேல் பழைய படித்துறை வரைக்கும் ஒரு மண்பாதை போகிறது. அதை யாரும் கட்டவில்லை. நடந்து நடந்து உண்டான பாதை. இரு பக்கமும் புங்கன், பூவரசு, நாவல், நடுவில் ஒரு பெரிய மருது. கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்தது போக மிச்சம் நிற்பவை. மே மாதம் என்பதால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மதகடியில் மட்டும் ஒரு குட்டை. அதன் மேல் சாய்ந்த கிளையில் மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. எதிர்க்கரைப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பிள்ளைகள் நத்தை ஓடு பொறுக்கினார்கள். மாமியார் ஒரு பூவரசு இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி, வாயில் வைத்து ஊதினார். பீப்பி சத்தம் வந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் "அப்பாயி எனக்கு, எனக்கு" என்று சூழ்ந்துகொண்டார்கள். செல்போனோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் இலை பறிக்க ஓடினார்கள். முழங்கால் வலிக்காரரான மாமியார் அந்தக் கரை முழுக்க நடந்தார். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே நடந்தார். மொத்தக் குடும்பமும் ஒன்றாக இருந்தது அந்தக் கரையில்தான். உள்ளே எட்டு வடிவ நடைபாதையில் ஒருவர் பின் ஒருவர் சுற்றத்தான் முடியும்.

இப்போது அந்தக் கரையையும் அழகுபடுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே பேவர் பிளாக், இடைஞ்சலாக இருக்கும் மரங்களை எடுத்துவிட்டுத் தொட்டிச் செடி, அலங்கார விளக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மரத்தின் மேல் உள்ள ஆசையில் மட்டும் இதைச் சொல்லவில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது. திறப்பதற்கு முன்னால் கோடையில் தூர்வாரும் வேலை நடக்கும். பொக்லைன் கரைமேல்தான் ஏறி வரும். மண்கரை என்றால் அது போன தடத்தை நிரவிவிடலாம். பேவர் பிளாக் பதித்தால் முதல் கோடையிலேயே கல் பெயர்ந்து, அடுத்த மழையில் அடிமண் அரித்து, மூன்றாம் வருஷம் அங்கே கால் வைக்க முடியாது. அப்புறம் அதற்கு ஒரு எஸ்டிமேட். கரையைப் பிடித்து நிறுத்துவதும் மரங்களின் வேர்தான். கரை நீர்வளத் துறையுடையது, பூங்கா உங்களுடையது. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமல் எடுக்கும் எந்த வேலையும் இப்படித்தான் முடியும்.

மண்பாதையை அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. மழைக்குக் களிமண் வழுக்கும், வயசானவர்கள் விழுந்துவிடுவார்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவல் நாலு அங்குலம் பரப்பி உருளை ஓட்டினால் போதும், தண்ணீரும் இறங்கும், காலும் நோகாது. நூறு அடிக்கு ஒரு சின்னத் திண்ணை கட்டுங்கள். மரத்தின் பெயர் எழுதிய பலகை தொங்கவிடுங்கள். இருட்டியதும் வீடு திரும்புகிற அளவுக்கு நாலைந்து விளக்கு இருந்தால் சரி, ராத்திரி முழுக்க எரிந்து குருவிகளைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டாம். வடுவூர் ஏரி பறவைகளுக்காக 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தது. ஏரிப் பாசனமும் நடக்கிறது, பறவையும் வருகிறது, கரையில் நடந்து மக்களும் பார்க்கிறார்கள். அது பெரிய ஏரி. நம் ஊர்களின் சின்னக் கரைகளிலும் அதே மாதிரி ஒரு பாதைக்கு இடமிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மே மாதம் காய்ந்து கிடக்கிற அதே வாய்க்கால் ஆடியில் கரை தொட்டு ஓடும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாகும், அங்கிருந்து பிரிந்து நம் வாய்க்காலுக்கு வரும்போது என்றைக்கு, எவ்வளவு என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விளையாட்டுத் திடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, படித்துறையில் பிடித்து இறங்கச் சங்கிலி, தூணில் கயிறோடு ஒரு மிதவை வளையம். இவற்றை வேலையின் கடைசியில் பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், எஸ்டிமேட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக் நுழையக் கூடாது என்று குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி நட்டிருக்கிறார்கள். பைக்கோடு சக்கர நாற்காலியும் வெளியே நின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் சக்கர நாற்காலியில்தான் போக முடியும், அவன் அப்பா அவனை வாசலிலிருந்து தூக்கிச் சுமந்து உள்ளே வைக்கிறார். பையன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். பொது இடங்களுக்குள் இப்படிப்பட்டவர்கள் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்று சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்துவிட்டது.

முக்கொம்பும் கல்லணையும் இருக்கும்போது தெருப் பூங்காவுக்கு எதற்கு இவ்வளவு என்று சிலர் நினைக்கலாம். முக்கொம்பில் மேலணைக்குப் பக்கத்தில் பெரிய மரங்களின் அடியில் விரிப்பை விரித்து உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது, உண்மைதான். ஆனால் வேன் பிடித்துப் போக வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் முடியும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அதுவும் முடியாது. தஞ்சாவூரில் பெரிய கோயில் புல்வெளியில் சாயங்காலம் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது நடந்துபோகிற தூரத்தில் காற்றாட உட்கார ஒரு இடம். அதே தஞ்சாவூரில் 1870-களிலேயே சிவகங்கைக் குளத்தைச் சுற்றி நகராட்சி ஒரு பூங்கா அமைத்தது.

இடம் இல்லை என்று சொல்ல வேண்டியதும் இல்லை. நஞ்சையெல்லாம் மனைப்பிரிவாகிக்கொண்டிருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த நிலங்கள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனையில் முள் மண்டியிருக்கிறது, எதில் யார் மாடு கட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலை வார்டு வாரியாக அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலங்களை மீட்கலாம். எல்லாவற்றிலும் நீரூற்று வேண்டாம். மரமும் மணலும் ஒரு குழாயும் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள்.

கடைசியாக, வரைபடத்தைக் கண்ணில் காட்டுங்கள். 2022 நவம்பர் முதல் நகரங்களிலும், கிராமசபை மாதிரி, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் கரை வேலையின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, எந்த மரம் நிற்கும், எது போகும், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, நாங்கள் சொல்வதையும் எழுதிக்கொண்ட பிறகு டெண்டர் விடுங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், பகல் பதினோரு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிற பெண்கள் வர முடியாது. சறுக்குமரத்தை நிழலுக்கு மாற்றுவதும் ஊஞ்சலுக்கு அடியில் மணல் போடுவதும் டெண்டருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆடிப்பெருக்குக்குள் முடிக்கலாம். திடலைச் சுற்றி நடப் புங்கனும் நாவலும் இலுப்பையும் கன்றாகக் கொடுங்கள், கூண்டும் ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எங்கள் தெருப் பெண்கள் எடுத்துக்கொள்கிறோம். யார் எந்தக் கிழமை என்று முறை போட்டு எழுதி, பகுதி சபையிலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய்